படுத்துக்கொண்ட கல்யாணப் படங்கள்

அண்ணன் கல்யாணப் படங்களை மொத்தமாகச் சின்னதாக்க ஒரு செயலியின் பேட்ச் (batch) வசதியில் போட்டேன். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை மட்டும் பக்கவாட்டில் படுத்துக்கொண்டன. அண்ணனும் அண்ணியும் சுவரில் நடந்தார்கள்! இத்தனைக்கும் ஒரிஜினலைத் திறந்தால் நேராகத்தான் இருந்தது.

விஷயம் எக்ஸிஃப் (EXIF) தகவலில், அதாவது படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் குறிப்புகளில். பல போன்கள் படத்தைத் திருப்பிச் சேமிப்பதில்லை. அதில் ஓரியன்டேஷன் (படத்தின் திசை) என்ற இடத்தில் 6 என்று குறித்துவிடும். வலப்பக்கம் 90 டிகிரி திருப்பிக் காட்டு என்று பொருள். மெட்டாடேட்டாவை (எக்ஸிஃப் போன்ற கூடுதல் தகவலை) நீக்கும் தேர்வில் டிக் இருந்ததால் அந்தக் குறிப்பும் போய்விட்டது.

வரிசையை மாற்றினேன்: முதலில் எக்ஸிஃப்படி தானாகத் திருப்புதல், அப்புறம் அளவுக் குறைப்பு, கடைசியில்தான் மெட்டாடேட்டா நீக்கம். சரியாகிவிட்டது. மெட்டாடேட்டா வேண்டும் என்பவர்கள், திருப்பிய பிறகு அந்த எண் 1 ஆகிவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் படத்தைக் காட்டும் செயலி இன்னொரு முறை திருப்பிவிடும்.