பிரியமான அறிவிப்பாளருக்கு விடைகொடுக்க: கேசட்டில் கிடக்கும் குரலை மீட்டெடுக்கும் முறை

இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர் ஒருவர் காலமானால், அன்றிரவே 'காந்தக் குரல் ஓய்ந்தது' என்று அஞ்சலிகள் குவிந்துவிடும். குரலைப் புகழ்வார்கள், குரல் மட்டும் கிடைக்காது. எஸ்.பி. மயில்வாகனம், 1989இல் கொல்லப்பட்ட கே.எஸ். ராஜா, 2012இல் மறைந்த ராஜேஸ்வரி சண்முகம் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், அவர்கள் பேசியதில் இன்று கேட்கக் கிடைப்பது கொஞ்சம்தான். நேரலையில் போனதையெல்லாம் பதிந்துவைக்கும் வழக்கம் அன்றைய வானொலி நிலையங்களில் இல்லை. பதிந்த டேப்பையும் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்துவார்கள். மிச்சம் இருப்பது நேயர்களின் அலமாரியில். அதை எடுத்து ஒழுங்காகக் கணினியில் ஏற்றி, உரியவர் கையில் சேர்ப்பதுதான் ஒரு நேயர் செய்யக்கூடிய உருப்படியான அஞ்சலி.

முதலில் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்தில் எல்லோரும் பாட்டைத்தான் பதிந்தார்கள். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாஸ் பட்டனை அமுக்கிவிடுவார்கள். அதனால் குரல் தங்கியிருப்பது பாட்டுக்கு முந்தைய இரண்டு நொடியிலும், பட்டனை அமுக்க மறந்த இடங்களிலும், பக்கம் முடியும் கடைசி நிமிடங்களிலும்தான். 'பழைய பாட்டு' என்று எழுதிய கேசட்டை ஒதுக்காமல் இரண்டு பக்கமும் முழுக்கக் கேளுங்கள்.

ஓடவிடும் முன்

கேசட்டின் முதுகுப் பக்கத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவை உடையாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். இனி தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ புள்ளியோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைப் பிளேயரில் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனி உறையில் வைத்து, தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு அட்டை, பசை காய்ந்து விழுந்திருக்கலாம். அது இல்லாவிட்டால் குரல் மங்கலாகவும் ஏறி இறங்கியும் கேட்கும். ஐந்து திருகு போட்ட, நல்ல நிலையில் உள்ள வேறொரு கேசட்டைத் திறந்து, டேப்பை அந்தக் கூட்டுக்கு மாற்றுவதே எளிய வழி. அறுந்த டேப்பைச் செல்லோடேப் போட்டு ஒட்டவே கூடாது. அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்று விற்கும் ஸ்பிளைசிங் டேப்பை, ஹெட்டில் படாத பக்கத்தில் ஒட்டுங்கள்.

சி-120, அதாவது இரண்டு பக்கமும் சேர்ந்து 120 நிமிடம் ஓடும் கேசட் இருந்தால் பொறுமை வேண்டும். சி-60 டேப்பின் தடிமன் சுமார் 18 மைக்ரான். சி-120 அதில் பாதிதான். இழுபடும், உருளையில் சிக்கும். எந்தக் கேசட்டானாலும் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுப் பிறகு பிளே செய்யுங்கள். வருடக்கணக்கில் கிடந்த டேப் அப்போதுதான் சீராகச் சுற்றும்.

எந்தப் பிளேயர், எந்த வயர்

யுஎஸ்பி முனையோடு மலிவாக விற்கும் வாக்மேன் வடிவப் பிளேயர்களை வாங்காதீர்கள். வேகம் நிலையாக இருக்காது, குரல் நடுங்கும். பழைய கேசட் டெக் ஒன்றைத் தேடி, பெல்ட் மாற்றி எடுங்கள். ஹெட்டையும் உலோகப் பாகங்களையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். நாலைந்து கேசட்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பஞ்சில் பழுப்பு நிறம் வருவதைப் பார்த்தாலே ஏன் என்று தெரியும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து கணினி. லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் இரைச்சலும் கூடும், சத்தமும் உடையும். டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்துவிடுங்கள். வீட்டு டூ-இன்-ஒன் செட்டில் பதிந்தவற்றில் பெரும்பாலும் டால்பி கிடையாது. போட்டால் 'ச', 'ஸ' மழுங்கிவிடும்.

ஹெட் கோணம்

பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். பலன் அதிகம் கிடைப்பதும் இதில்தான். பதிந்த செட்டின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருக்காது. கொஞ்சம் விலகினாலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போல் கேட்கும். 'ரொம்பப் பழசு, அதான் மங்கிப்போச்சு' என்று கைவிட்ட பதிவுகளில் பாதியின் நோய் இதுதான். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகு இருக்கும். அதன் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். டேப் ஓடும்போதே, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, சின்னத் திருப்புளியால் மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. 'ச', 'ஸ' ஒலிகள் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், கோணம் தவறினால் இரண்டு சேனலின் கீச்சொலிகள் (உயர் அதிர்வெண் ஒலிகள்) ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்பதுதான். வித்தியாசம் சட்டென்று பிடிபடும். வேறு செட்டில் பதிந்த கேசட்டுக்கு மறுபடி சரிசெய்ய வேண்டும்.

பதிவும் வேகமும்

அடாசிட்டி இலவச மென்பொருள், இதற்குப் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. மோனோ ஒலிபரப்புக்கு ஏன் ஸ்டீரியோ என்றால், டேப்பின் ஒரு ஓரம் தேய்ந்திருந்தால் மற்றச் சேனலை எடுத்துக்கொள்ளலாம். உச்ச அளவு மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும்.

பேட்டரி தளர்ந்த செட்டில் பதிந்திருந்தால், இப்போது குரல் கீச்சென்று வேகமாக ஓடும். காதால் திருத்தினால் நம் நினைவில் இருக்கும் குரலுக்குத்தான் திருத்துவோம். மின்சாரத்தில் ஓடிய செட் என்றால் பதிவிலேயே 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' கலந்திருக்கும், அதுதான் அளவுகோல். அடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் படத்தில் அளவை (Size) 65536 என்று வைத்துப் பாருங்கள். குறைந்த அளவில் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம் தெரியாது. 50க்குப் பதில் 52இல் முகடு இருந்தால், வேகத்தை 0.9615ஆல் பெருக்குங்கள். உங்கள் டெக்கே 'ம்ம்' போட்டால் அது சரியாக 50இல் தனி முகடாக நிற்கும், குழம்ப வேண்டாம்.

முதல் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் மட்டும் கைவையுங்கள். சிற்றலைப் பதிவில் விடாமல் விசில் கேட்டால் பக்கத்து நிலையத்தின் வேலை. அங்கே அலைவரிசைகள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் விசிலும் பெரும்பாலும் 5000 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும். அந்த ஒலியை மட்டும் வெட்டும் ஒரு நாட்ச் ஃபில்டர் போதும். இரைச்சல் குறைப்பு 6 டெசிபெலுக்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் கேட்கும். அலை ஏறி இறங்குவதையும் பின்னால் கேட்கும் காக்கைச் சத்தத்தையும் விட்டுவிடுங்கள். கடல் தாண்டிக் கேட்ட வானொலி அப்படித்தான் கேட்டது.

தேதியும் குறிப்பும்

தேதி தெரியாத பதிவு ஆய்வாளருக்குப் பாதிதான் பயன்படும். பதிவுக்குள்ளேயே துப்பு இருக்கும்: 'இன்று முதல்' என்ற படவிளம்பரம், செய்தித் துணுக்கு, பண்டிகை வாழ்த்து. பாட்டு எந்த ஆண்டுப் படம் என்பது, பதிவு அதற்கு முந்தியதல்ல என்பதை மட்டும் சொல்லும். 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று முழுப்பெயர் வந்தால் 1967 அல்லது அதற்குப் பிந்தியது. மக்கள் எப்போதும் இலங்கை வானொலி என்றே சொன்னதால், அந்தப் பெயரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆண்டு, அறிவிப்பாளர், நிகழ்ச்சி என்ற வரிசையில் கோப்புக்குப் பெயரிட்டு, கேட்ட ஊரையும் செட்டையும் கூடவே ஓர் உரைக்கோப்பில் எழுதுங்கள். ஊகமான ஆண்டுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடத் தயங்க வேண்டாம்.

உங்கள் விடைமொழி

பதிவோடு உங்கள் குரலில் மூன்று நிமிடம் சேர்க்கலாம். எழுதி வைத்துப் படித்தால் முந்நூறு சொல்லுக்குள் அடங்கும். அடைமொழிகளை வெட்டிவிட்டு ஒரு நிகழ்ச்சி, ஒரு வேளை, அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம் என்று நில்லுங்கள். மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த அறையில், போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். வாட்ஸாப் குரல்செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும். ரெக்கார்டரில் பதிந்து டாக்குமென்டாக அனுப்புங்கள். இறப்புச் செய்தியைக் குடும்பத்தாரிடமோ நிலையத்திடமோ உறுதிப்படுத்தும்வரை எதையும் வெளியிடாதீர்கள். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி செலுத்துவது நம்மிடம் கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது.

பொதுவில் போடும் நகலில் பாட்டைச் சில நொடியில் வெட்டுங்கள். உரிமைக் கோரிக்கை வந்து முழுப் பதிவும் முடங்கலாம். நேயர் கடிதங்களில் வாசிக்கப்பட்ட முகவரிகளையும் நீக்குங்கள். முழுப் பதிவின் ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று நிலையத்துக்கு, ஒன்று ஈழத்து ஒலி ஆவணங்களைச் சேகரிக்கும் நூலக நிறுவனத்தின் 'ஆவணக'த்துக்கு. பென்டிரைவைத் தபாலில் அனுப்பினால் குறிப்புக்கோப்பின் அச்சுப்பிரதியையும் உறையில் போடுங்கள். கேசட்டை எறிய வேண்டாம். ஒரு முனைக்குச் சுற்றி, பெட்டியில் செங்குத்தாக, ஸ்பீக்கரும் ஈரச்சுவரும் இல்லாத இடத்தில் வையுங்கள்.