மாடல் எம் மீண்டும் தட்டச்சு செய்கிறது

அப்பாவின் அலுவலகம் மூடப்பட்டபோது வீட்டுக்கு வந்த ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகை, பல ஆண்டுகள் பரணில் கிடந்தது. 101 விசைகள். ஒவ்வொன்றின் அடியிலும் அழுத்தியதும் வளைந்து சொடுக்கும் ஒரு சுருள்வில். அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பழைய சாமான்காரரிடம் போட மனம் வரவில்லை.

என் கணினியில் யுஎஸ்பி துளைகள் மட்டுமே உண்டு. இதன் முனையோ பிஎஸ்/2 என்ற பழைய வட்ட வகை. கடையில் வாங்கிய மலிவான இணைப்பானைச் செருகினேன். விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தன. ஓர் எழுத்துகூட வரவில்லை. இரண்டு நாள் விசைப்பலகையையே சந்தேகித்தேன், பாவம். அந்த இணைப்பான் கம்பிகளை மட்டுமே இணைக்கிறது. இரண்டு முறைகளும் அறிந்த விசைப்பலகைகளுக்குத்தான் அது உதவும். மாடல் எம் வந்தது 1985இல், யுஎஸ்பி 1996இல். இடையில் மொழிபெயர்க்க ஒரு சில்லு வேண்டும். சில்லு உள்ள மாற்றியைப் பொருத்தியதும் எழுத்துகள் மளமளவென்று விழுந்தன.

ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வழியாக இணைத்தபோது சில எழுத்துகள் விடுபட்டன. பழைய மின்சுற்று கூடுதல் மின்னோட்டம் கேட்கும். கணினியிலேயே நேராகச் செருகினேன், சரியானது.

விண்டோஸ் விசை இதில் கிடையாது. அதையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தித் தமிழுக்கு மாறிப் பழகிய எனக்கு அது பெரிய குறை. பவர்டாய்ஸ் மென்பொருளில் கேப்ஸ் லாக்கை விண்டோஸ் விசையாக்கினேன். இந்த வரிகளைத் தமிழ்99 முறையில் அதில்தான் தட்டுகிறேன்.