டொமைன் கன்ட்ரோலரைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. இன்னும் அதில் டொமைன் கன்ட்ரோலர் (நிறுவன நெட்வொர்க்கில் பயனர், கணினிக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) ஓடுகிறதென்றால் மாற்றியே ஆக வேண்டும். புதிய சர்வரை டொமைனில் சேர்த்து, ப்ரமோட் செய்து (அதாவது கன்ட்ரோலராக்கி), ஒவ்வொன்றையும் ஒரு கன்ட்ரோலர் மட்டுமே வைத்திருக்கும் ஐந்து எஃப்எஸ்எம்ஓ ரோல்களையும் நகர்த்துவது பெரிய வேலை இல்லை. பழைய சர்வரின் ஐபியை எது எது நம்பிக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் விடுவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள்.

கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபி-யில், டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சேவை) முகவரியாகப் பழைய ஐபியே இருக்கும். அதை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. கையால் ஐபி போட்ட சர்வர்கள், ஃபயர்வால், ஸ்கேன் செய்து அனுப்பும் பிரின்டர், எல்டேப் (கன்ட்ரோலரிடம் கணக்கு விவரம் கேட்கும் முறை) வழியே லாகின் பார்க்கும் ஏதோ ஒரு பழைய மென்பொருள் என்று பட்டியல் நீளும். யாருடைய நினைவையும் நம்பாதீர்கள். பழைய சர்வரில் டிஎன்எஸ் டீபக் லாகிங்கைச் (வரும் கேள்விகளைப் பதிவுசெய்யும் வசதி) சில நாள் ஓடவிட்டால், யார் இன்னும் அதனிடம் கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எல்டேப்பை மட்டும் நம்பியிருப்பவை இதில் சிக்காது. அவற்றின் செட்டிங்கைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

2003 காலத்திலிருந்து வளர்ந்து வந்த டொமைன் என்றால் சிஸ்வால் (எல்லாக் கன்ட்ரோலர்களிலும் நகலாக இருக்கும் பாலிசி, ஸ்கிரிப்ட் ஃபோல்டர்) இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய நகலெடுப்பு முறையில் இருக்கலாம். சர்வர் 2019-லிருந்து அதற்கு ஆதரவில்லை. ப்ரமோஷன் அங்கேயே நின்றுவிடும். முதலில் அதன் புதிய மாற்றான டிஎஃப்எஸ்ஆருக்கு மாற்றுங்கள். இந்த மாற்றத்தின் கடைசிக் கட்டமான எலிமினேட்டட் நிலைக்குப் போனபின் திரும்பி வர வழியில்லை. அதனால் ஒவ்வொரு நிலையிலும் எல்லாக் கன்ட்ரோலர்களும் வந்து சேர்ந்தபின் அடுத்ததற்குப் போங்கள். சர்வர் 2025 போடுகிறவர்களுக்கு இன்னொன்று: டொமைனின் ஃபங்ஷனல் லெவல் (எந்தப் பதிப்புக்குக் குறையாத கன்ட்ரோலர்கள் வேண்டும் என்பதைக் குறிக்கும் அளவு) 2016 ஆக இருக்க வேண்டும். அதற்கு 2012 ஆர்2 கன்ட்ரோலர்கள் டொமைனில் இருக்கக் கூடாது என்பதால், இடையில் 2016, 2019 அல்லது 2022 கன்ட்ரோலர் ஒன்று தேவைப்படும்.

நேரத்தை மறந்துவிடுவார்கள். டொமைனுக்கு நேரம் தரும் பிடிசி எமுலேட்டர் ரோல் நகர்ந்ததும், வெளி என்டிபி சர்வரிலிருந்து நேரம் எடுக்கும்படி புதியதை அமைக்க வேண்டும். லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசம்வரைதான் பொறுக்கும்.

பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போது ரோல்களை ஸீஸ் (பழையதன் ஒத்துழைப்பில்லாமல் பறித்துக்கொள்வது) செய்யாதீர்கள். ட்ரான்ஸ்ஃபர்தான் சரியான வழி. ஸீஸ் செய்துவிட்டால் பழையதை மறுபடி நெட்வொர்க்கில் சேர்க்கவே கூடாது. டிமோட் செய்வதற்கு (கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்குவதற்கு) முன் சில நாள் அதை அணைத்து வையுங்கள், யார் கத்துகிறார்கள் என்று தெரியும். அப்புறம் மறுபடி இயக்கி, ரெப்ளிகேஷன் (கன்ட்ரோலர்களுக்கிடையேயான தரவு நகலெடுப்பு) சுத்தமாக ஓடியபின் முறைப்படி டிமோட் செய்யுங்கள். அதே சர்வரில் சர்டிஃபிகேட் அத்தாரிட்டி (டிஜிட்டல் சான்றிதழ் வழங்கும் சேவை) இருந்தால் டிமோட் ஆகாது. அதை முதலிலேயே வேறிடத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.