ஜாஸ் ட்ரம்பெட் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டு, கூடவே கீபோர்டில் வாசிக்க முயன்ற பலர் தங்கள் காதையே சந்தேகித்திருப்பார்கள். முதல் பாடலான ‘சோ வாட்’ எந்தக் கட்டையிலும் உட்காராது. ஒரு கட்டையில் பிடித்தால் குறைவாக இருக்கும், அடுத்ததற்குப் போனால் கூடிவிடும். தட்டைத் திருப்பிப் போட்டால் ‘ஆல் புளூஸ்’ கச்சிதமாகச் சேரும்.

கோளாறு காதில் இல்லை. முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் நியூயார்க்கில் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்று முதன்மை டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் இசை விரைவுபடும், சுருதியும் ஏறும். ஏப்ரல் 22 பதிவில் இந்தச் சிக்கல் இல்லை. மார்ச் பதிவின்போது இன்னொரு எந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாயிற்று. அதன் நாடாவைக் கொண்டு 1992இல் சுருதியைத் திருத்தி வெளியிட்டார்கள். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் கேட்டது ஏறிய சுருதியைத்தான். கூட வாசித்துப் பழக நினைப்பவர்கள் திருத்திய பதிப்புதானா என்று பார்த்து வாங்க வேண்டும். வெறுமனே கேட்பவருக்கு இது பெரிய குறையில்லை.

அடுத்த தவறு, வெளியான ஆண்டைப் பதிவான ஆண்டாக எடுத்துக்கொள்வது. மைல்ஸின் ‘ஸ்டீமின்’ தொகுப்பு 1961இல் கடைக்கு வந்தது. ‘கைண்ட் ஆஃப் புளூ’வுக்குப் பிறகு மைல்ஸ் ஏன் பழைய பாணிக்குத் திரும்பினார் என்று குழம்பத் தேவையில்லை. பிரெஸ்டிஜ் இசைத்தட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தக் கணக்கைத் தீர்க்க, 1956இல் மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாட்களில் மளமளவென்று வாசித்துக் கொடுத்த சரக்கு அது. நிறுவனம் அதை நான்கு தொகுப்புகளாக்கி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பதிவுத் தேதியைத்தான் நம்ப வேண்டும்.

அதுவும் சில நேரம் ஏமாற்றும். ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் 1956 ஜூன் 26 அன்று, 25 வயதில், கார் விபத்தில் இறந்தார். முந்தைய இரவு வாசித்தவை என்று சில பாடல்கள் 1973இல் ஒரு தொகுப்பில் வெளிவந்தன. சாவை உணர்ந்து வாசித்திருக்கிறார் என்று உருகியவர்கள் உண்டு. அவை ஏறத்தாழ ஓராண்டு முன்பே பதிவானவை என்று பின்னர் தெரிந்தது. துள்ளலான அந்த வாசிப்பில் சோகத்தைத் தேடுவது நம் கற்பனைதான்.

குழல் வடிவில் இருப்பதையெல்லாம் ட்ரம்பெட் என்று எழுதிவிடுவதும் உண்டு. 1920களின் ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக் வாசித்தது கார்னெட், ட்ரம்பெட்டைவிடக் குட்டையான கருவி. ‘மைல்ஸ் அஹெட்’ தொகுப்பில் மைல்ஸின் கையில் இருந்தது ட்ரம்பெட்டைவிட அகன்ற குழலுள்ள ஃப்ளூகல்ஹார்ன். அந்த மெத்தென்ற நாதம் கருவியிலிருந்தும் வருகிறது.

1920களின் பதிவுகள் தகரம் போல ஒலிக்கின்றன என்று ஒதுக்குபவர்கள் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ஸை ஒருமுறை கேட்கலாம். சிகாகோவில் 1928 ஜூன் 28 அன்று பதிவானது. தட்டில் இடமே மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான். அதில் முதல் பத்துப் பன்னிரண்டு விநாடிகளைப் பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒற்றை ட்ரம்பெட்டே எடுத்துக்கொள்கிறது.