மூலையில் வரும் ‘வைரஸ்’ பெட்டி: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’, ‘ஆன்டிவைரஸ் சந்தா இன்றோடு முடிகிறது’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டல். மூடினால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பயந்துபோய் முழு ஸ்கேன் ஓட்டினால் ஒன்றும் அகப்படுவதில்லை. அகப்படாததற்குக் காரணம் எளிது: பெரும்பாலும் கணினிக்குள் எதுவும் நுழைந்திருக்காது. ஏதோ ஒரு தளம் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா’ என்று கேட்டிருக்கும், வீட்டில் யாராவது ‘அலௌ’ கொடுத்திருப்பார்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அந்தத் தளம் விளம்பரத்தை எச்சரிக்கை வேடத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இலவசமாகப் படமும் சீரியலும் காட்டும் தளங்கள், பிடிஎஃப் மாற்றித் தரும் தளங்கள், பாட்டு டவுன்லோடு தளங்கள் ஆகியவற்றில்தான் இது அதிகம். ‘நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலௌ அழுத்துங்கள்’, ‘வீடியோ ஓட அலௌ அழுத்துங்கள்’ என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். முகவரிப் பட்டைக்குக் கீழே பிரவுசர் காட்டும் அந்த ‘அலௌ’ பொத்தானுக்கும் ரோபோ சோதனைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உண்மையான சோதனை பக்கத்துக்குள்ளேயே, ஒரு கட்டத்தை டிக் செய்வதோடோ சில படங்களைத் தேர்ந்தெடுப்பதோடோ முடிந்துவிடும்.

பெட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் பாருங்கள். ‘கூகுள் குரோம்’ அல்லது ‘எட்ஜ்’ என்ற பெயரும், பக்கத்திலோ கீழேயோ கேள்விப்படாத ஒரு தளத்தின் முகவரியும் இருந்தால் அது பிரவுசர் வழியாக வந்தது. விண்டோஸ் தானே தரும் எச்சரிக்கையில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று இருக்கும், தள முகவரி இருக்காது. அந்த முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் கிளிக் செய்யாதீர்கள். மூட வேண்டுமானால் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறி மட்டும்.

அனுமதியைப் பறிப்பது

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘செட்டிங்ஸ்’ போங்கள். அங்கே ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’. பக்கத்தை இறக்கினால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். வாட்ஸ்அப் வெப், ஜிமெயில் மாதிரி நீங்களே விரும்பி வைத்தவை ஒன்றிரண்டு இருக்கலாம். மற்றபடி அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களும் கலந்த பெயர்கள் இருந்தால் அவைதான் வேண்டாத விருந்தாளிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் ‘பிளாக்’, ‘ரிமூவ்’ ஆகிய வழிகள் இருக்கும். ‘ரிமூவ்’ கொடுத்தால் பட்டியலிலிருந்து போய்விடும், ஆனால் அடுத்த முறை அந்தத் தளத்துக்குப் போகும்போது மறுபடி கேட்கும். ‘பிளாக்’ கொடுத்தால் கேட்கவும் முடியாது. அதனால் ‘பிளாக்’.

அதே பக்கத்தின் மேல்பகுதியில், எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் கேட்கவே கூடாது என்று வைக்கும் வாய்ப்பும் உண்டு. வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் பயன்படுத்தும் கணினியில் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே அனுமதி கொடுத்த தளங்களை அது பாதிக்காது.

எட்ஜிலும் செட்டிங்ஸுக்குள் ‘சைட் பர்மிஷன்ஸ்’ போய் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ திறக்க வேண்டும். அது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘நோட்டிஃபிகேஷன்’ என்று தட்டுவது சுலபம். ஃபயர்ஃபாக்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘பர்மிஷன்ஸ்’ பகுதி. நோட்டிஃபிகேஷன்ஸ் எதிரே உள்ள ‘செட்டிங்ஸ்’ பொத்தான். ஆண்ட்ராய்டு போனிலும் இதே தொல்லை வரும், குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று அதே பாதைதான்.

இவ்வளவும் செய்த பிறகும் பெட்டி வந்தால் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரோடு சேர்த்துப் போடும் குட்டி நிரல்களைப் பாருங்கள். மூன்று புள்ளி, ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’, ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’. யார் போட்டது என்று தெரியாததை நீக்குங்கள். குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அலுவலக லேப்டாப்பில் அது இயல்பு. சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியை வரவைக்கும். இரண்டும் இல்லாத வீட்டுக் கணினியில் அது இருந்தால் ஏதோ ஒரு நிரல் பிரவுசரின் நிர்வாகக் கட்டுப்பாடுகளை மாற்றியிருக்கலாம். அப்போது ஸ்கேன் ஓட்டுவதற்கு நிஜமாகவே வேலை இருக்கிறது.

திரை முழுக்க மூடிக்கொண்டால்

பெட்டியைக் கிளிக் செய்தவர்கள் பார்க்கும் அடுத்த காட்சி இது. திரை முழுவதும் நீலமாகவோ சிவப்பாகவோ மாறும், ஒரு குரல் ‘கணினியை அணைக்காதீர்கள்’ என்று திரும்பத் திரும்பக் கத்தும், நடுவில் ஒரு போன் எண். உங்கள் ஊர்ப் பெயரும், இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியும்கூட அதில் இருக்கலாம். அதைக் கண்டு மிரள வேண்டாம். நீங்கள் திறக்கும் எந்தத் தளத்துக்கும் உங்கள் ஐபி முகவரி தெரியும், அதிலிருந்து ஊரை ஏறத்தாழக் கணிக்கலாம். விண்டோஸா மேக்கா என்பதையும் பிரவுசரே சொல்லிவிடுகிறது.

பூட்டியதுபோல் தெரிவதற்குக் காரணம், பக்கம் முழுத்திரை நிலைக்குப் போய் மவுஸ் அம்பை மறைத்துவிடுவதுதான். எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினால் போதாது. மூன்று நான்கு நொடி அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகியதும் ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தினால் பிரவுசர் மூடும். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இந்தச் சேர்க்கையை விண்டோஸ் நேரடியாகப் பிடித்துக்கொள்ளும், எந்த இணையப் பக்கத்தாலும் தடுக்க முடியாது. ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து, பிரவுசர் பெயரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’. மேக்கில் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப் மூன்றும் சேர்ந்து ‘ஃபோர்ஸ் க்விட்’ பெட்டியைக் கொண்டுவரும்.

திரும்பத் திறக்கும்போதுதான் பலர் சிக்குகிறார்கள். ‘முந்தைய பக்கங்களை மீட்கவா’ என்று பிரவுசர் கேட்கும். ‘ரிஸ்டோர்’ கொடுத்தால் அதே பக்கம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்காமலே தானாகத் திறக்கிறது என்றால் வைஃபையை அணைத்துவிட்டுத் திறங்கள். பக்கம் ஏற்ற முடியாமல் வெற்றாக நிற்கும், டேபை மூடிவிடலாம். சஃபாரி என்றால் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி திறந்தால் பழைய பக்கங்கள் வராது.

இதுவரை நடந்தது சத்தமும் படமும்தான். எண்ணுக்குப் போன் செய்யாமல், எதையும் டவுன்லோடு செய்து திறக்காமல் இருந்தால், பிரவுசரை மூடியதோடு விஷயம் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் எண் போடுவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. எண் இருந்தாலே போலி.

போனில் காட்டும் வித்தைகள்

அழைத்தால் மறுமுனையில் பொறுமையாக, மரியாதையாகப் பேசுவார்கள். ‘ஆதாரம் காட்டுகிறேன் சார்’ என்று சில இடங்களைத் திறக்கச் சொல்வார்கள். காட்டுவதெல்லாம் நிஜமான விண்டோஸ் திரைகள்தான், விளக்கம்தான் பொய். ‘ஈவன்ட் வியூவர்’ திறந்தால் சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் பிழைகள் தெரியும். நேற்று வாங்கிய கணினியிலும் அவை இருக்கும், ஒரு சேவை தொடங்கச் சற்றுத் தாமதமானாலும் அதில் பதிவாகும். கறுப்புத் திரையில் ‘நெட்ஸ்டாட்’ கட்டளை கொடுத்து ‘ஃபாரின் அட்ரஸ்’ என்ற பத்தியைக் காட்டி, ‘பாருங்கள், வெளிநாட்டு ஹேக்கர்கள்’ என்பார்கள். அந்தத் தலைப்புக்கு மறுமுனை முகவரி என்பது மட்டுமே பொருள். ‘அசாக்’ கட்டளையின் கடைசியில் 888 என்று தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு வரும். ‘இதுதான் உங்கள் லைசென்ஸ் எண், சரிபாருங்கள்’ என்று அவர்களே படித்துக் காட்டி நம்பவைப்பார்கள். எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான் இருக்கிறது.

அடுத்து, தூரத்திலிருந்தே இன்னொரு கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் அல்லது விண்டோஸிலேயே உள்ள ‘குவிக் அசிஸ்ட்’ ஒன்றைத் திறக்கச் சொல்வார்கள். இவை யாவும் நேர்மையான கருவிகள், தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு உதவுவதற்கும் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். திரையில் தெரியும் எண்ணை யாருக்குச் சொல்கிறோம், ‘குவிக் அசிஸ்ட்’ என்றால் யார் சொல்லும் எண்ணைத் தட்டுகிறோம் என்பதில்தான் ஆபத்து. எண்ணைச் சொல்லியோ தட்டியோ அனுமதி கொடுத்தவுடன் உங்கள் கணினி அவர்கள் கையில்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டால்

முதல் வேலை இணையத்தைத் துண்டிப்பது. ரவுட்டரை அணைத்தாலும் சரி, கேபிளைப் பிடுங்கினாலும் சரி. பணம் போயிருந்தால் கணினியை அப்படியே விட்டுவிட்டு 1930 எண்ணுக்கு அழையுங்கள். இது இந்திய அரசின் சைபர் நிதி மோசடிக்கான உதவி எண். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும். அது எடுக்கப்படும் முன் புகார் போனால் அந்த வங்கியில் நிறுத்திவைக்க முடியும். தொகை, நேரம், வங்கிக் கணக்கு எண், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, ஓடிபியையோ பாஸ்வேர்டையோ வாடிக்கையாளரே கொடுத்து இழந்த பணம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடைய நஷ்டம்தான். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ‘நாளைக்குக் கிளைக்கு நேரில் போய்ச் சொல்கிறேன்’ என்ற தள்ளிப்போடலின் விலை இதுதான்.

பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், அதே கணினியில் வேண்டாம். மின்னஞ்சல் முதலில், மற்றக் கணக்குகள் பலவற்றின் பாஸ்வேர்டை அதன் வழியாக மாற்றிவிட முடியும். ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வேர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ இரண்டையும் திறந்து, உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குப் போகும்படி ஏதும் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்பதையும்.

அதன் பிறகு கணினி. செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ போய் நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினால் அன்றைக்கு ஏறியவை மேலே வரும், நீக்குங்கள். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பக்கத்தில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ அழுத்தி, அடியில் உள்ள ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைத் திறங்கள். ஸ்கேன் தொடாமல் விட வேண்டிய இடங்கள் அதில் இருக்கும். வீட்டுக் கணினியில் அது காலியாக இருப்பதே வழக்கம், ஒரு முழு டிரைவே அதில் இருந்தால் யாரோ வேண்டுமென்றே வைத்தது. அதை நீக்கிவிட்டு ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானாக மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஸ்கேன் ஓடும். 15 நிமிடம் அளவில் முடியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்கள் கையில் கணினி இருந்திருந்தால், ஆவணங்களையும் படங்களையும் வெளி டிரைவில் எடுத்துவைத்துவிட்டு ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுப்பதே நிம்மதி.

ஒட்டச் சொல்லும் ரோபோ சோதனை

இது வேறு வகை, இதில் போன் அழைப்பே கிடையாது. ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க’ விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு என்டர் அழுத்தச் சொல்லும். முதல் படியில் ‘ரன்’ பெட்டி திறக்கிறது. பக்கத்தைக் கிளிக் செய்தபோதே கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்ததைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்தில் ஏறிவிட்ட ஒரு கட்டளை இரண்டாவது படியில் அதில் ஒட்டப்படுகிறது. பெட்டி சிறியது என்பதால் கட்டளையின் வால் மட்டும் கண்ணில் படும், அந்த வாலில் ‘நான் ரோபோ இல்லை’ என்று எழுதி வைத்திருப்பார்கள். என்டர் தட்டியதும் திருட்டு நிரல் இறங்கி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் ஆகியிருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் சிறு பதிவுகளான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும்.

குக்கீ போனால் ஓடிபி காவலும் உதவாது; ஏற்கெனவே உள்ளே நுழைந்த நிலையையே அவர்கள் எடுத்துச் செல்கிறார்கள். எனவே பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல், கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’ போய் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் கணக்குகளிலும் இணைந்திருக்கும் கருவிகளை நீக்குங்கள். இந்த வகையில் ரீசெட் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க இடமில்லை, செய்துவிட வேண்டியதுதான்.

முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியவை

பெரியவர்கள் புழங்கும் கணினியில் அவர்களுக்குத் தனிக் கணக்கு தொடங்கி அதை ‘ஸ்டாண்டர்டு’ வகையாக வையுங்கள். நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு வேறொருவரிடம் இருக்கட்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ‘அக்கவுன்ட்ஸ்’, ‘அதர் யூசர்ஸ்’. கணினி முழுவதையும் பாதிக்கும் நிறுவல்களை இது தடுக்கும். ஆனால் எனிடெஸ்க் மாதிரியானவை நிறுவாமலே ஓடக்கூடியவை, நிர்வாகி அனுமதி கேட்காது. நோட்டிஃபிகேஷன் தொல்லைக்கும் இந்தக் கணக்குப் பிரிப்பு தடையில்லை. ஆகவே அதே கணக்கில் குரோமைத் திறந்து ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘செக்யூரிட்டி’ போய் ‘என்ஹான்ஸ்டு புரொடெக்‌ஷன்’ வைத்து, விளம்பரத் தடுப்பானும் போட்டுவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு. போலி எச்சரிக்கைப் பக்கங்களில் பெரும்பகுதி விளம்பரங்கள் வழியாகத்தான் திறக்கின்றன.