விரல் மரத்துப்போனதற்குக் காரணம் சைக்கிள் சீட்டு

கோவா அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் போட்டியில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். அதற்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் மிதிக்கும்போதெல்லாம் எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். கியர் மாற்றவே சிரமம். தடித்த கையுறை போட்டும் பயனில்லை.

இந்த இரண்டு விரல்களுக்கும் போகும் அல்நார் நரம்பு உள்ளங்கையில் அழுந்தினால் இப்படி ஆகும். சரி, அவ்வளவு பாரம் கைக்கு ஏன் வருகிறது? மட்டமான தரையில் சைக்கிளை நிறுத்தி, சீட்டின் மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். சீட்டின் மூக்கு நன்றாகவே கீழே சாய்ந்திருந்தது. உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்க, கைகள் தாங்கிக்கொண்டிருந்தன.

சீட்டை மட்டமாக்கினேன். அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு மேலிருந்த ஸ்பேசர் வளையத்தை அதன் அடியில் மாற்றி ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்தினேன். போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். கார்பன் ஃபைபர் பாகங்கள் என்றால் கட்டாயம். இப்போது 90 கி.மீ. முடித்து இறங்கியதும் ஷூ லேஸை விரல்கள் தடுமாறாமல் கட்டுகின்றன.