வன்னிக்கு வி-ட்வின் கேட்பவர் எதை அளந்து கேட்க வேண்டும்

நடுத்தர வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டரும் வி எழுத்துப்போல் விரிந்து நிற்கும் எஞ்சினுடைய மோட்டார் சைக்கிள், ஏன் வேண்டும் என்று கேட்டால் முதல் பதில் பெரும்பாலும் சத்தம்தான். சத்தம் மட்டும் போதுமென்றால் வி வடிவமே தேவையில்லை. சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கமாக நிற்கும் பரலல் ட்வின்னில் கிராங்க் பின்களை (பிஸ்டன் தண்டுகள் பூட்டும் ஊசிகள்) 270 பாகை தள்ளி வைத்தால், 90 பாகை வி-ட்வின்னின் அதே 270–450 வெடிப்பு இடைவெளி வந்துவிடும், சத்தமும் அதேபோல்தான். யமஹா எம்ரி-07 அப்படித்தான் ஓடுகிறது. றோயல் என்பீல்டின் 650உம் அதே வழி. ஒரேயொரு சிலிண்டர் ஹெட் என்பதால் செய்கூலி குறைவு. கம்பனிகள் அந்தப் பக்கம் சாய்ந்ததற்கு இது பெரிய காரணம். ஆகவே அடுத்த வி-ட்வின் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுகிறவர், பரலல் ட்வின் சுலபமாகத் தராததைத்தான் கேட்க வேண்டும்: ஒடுங்கிய இடுப்பு, தாழ்ந்த சீற், அடங்கிய அதிர்வு.

அதிர்வில் எல்லா வி-யும் ஒன்றல்ல. இரண்டு சிலிண்டருக்கும் இடைக்கோணம் 90 பாகை என்றால் (சுசுகி எஸ்வி650, ஹொண்டா விரிஆர்250) அதிர்வைச் சமன்செய்யும் பலன்சர் தண்டு இல்லாமலே முதன்மை அதிர்வு அடங்கும். ஹொண்டா ஸ்ரீட் 400இன் கோணம் 52 பாகை. அதை ஈடுகட்ட இரண்டு கிராங்க் பின்களை 76 பாகை விலக்கி வைத்திருக்கிறார்கள். யமஹா விராகோ 250 60 பாகை, ட்ராக்ஸ்டார் 400 70 பாகை. சோதிப்பது எளிது: புளியங்குளம்–மாங்குளம் நேர் வீதியில் கடைசிக் கியரில் 70இல் ஓடி, பின்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் வாகனத்தின் இரண்டு லைற்றும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும்.

சூடு

பின் சிலிண்டர் முன் சிலிண்டரின் நிழலில் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது மிச்சக் காற்றுத்தான். அதன் சூடான குழாயும் தொடைக்குப் பக்கத்தால் போகிறது. ஓடும்போது இது தெரியாது. மடு ஆவணித் திருவிழா நெரிசலில் ஊரும்போது தெரியும். வாங்குமுன் 15 கிலோமீற்றர் ஓடி, வெயிலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் சீற்றிலேயே இருங்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் பான் சுழலத் தொடங்கி, சில நிமிடத்தில் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் றேடியேற்றர் செதில்களில் செம்மண் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பானின் சூட்டுக்காற்று முழங்காலில் படுகிறதா என்பதும் முக்கியம். சாரம் கட்டி ஓடுகிறவருக்கு இந்தச் சோதனை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கம்பனியிடம் கேட்க வேண்டியது: பின் குழாய்க்கு இரட்டைத் தகட்டு மறைப்பு, வெளிப்பக்கம் ஊதும் பான்.

மாரியும் முன் சிலிண்டரும்

வி-ட்வின்னுக்கே உரிய நோய் இது. எஸ்வி650இல் பேர்பெற்றது. முன் சிலிண்டரின் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது. முன் ரயர் அள்ளி வீசும் தண்ணீர் நேரே அங்கே விழும். குழியிலிருந்து சிலிண்டரின் பக்கவாட்டுக்கு ஒரு வடிகால் துளை உண்டு. அதில் சேறு அடைத்தால் தண்ணீர் தேங்கி, பிளக் கப்புக்குள் ஏறி, மின்பொறி எஞ்சினின் உலோக உடலுக்குப் பாய்ந்துவிடும். அறிகுறி: வெள்ளம் நிற்கும் வீதியில் போகும்போது திடீரென்று ஒற்றைச் சிலிண்டர் சத்தம், இழுவை பாதி. காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். அதனால்தான் பலர் காபரேற்றரைக் கழற்றிக் காசை வீணாக்குகிறார்கள்.

செய்ய வேண்டியது, ஐப்பசி மழைக்கு முன்பே:

1. எஞ்சின் ஆறியபின் வடிகால் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுச் சேற்றை எடுத்து, கொம்பிரசர் காற்றால் ஊதுங்கள். பிளக்கைக் கழற்றுமுன் குழியையும் ஊதிச் சுத்தமாக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் சிலிண்டருக்குள் விழும்.
2. கப்பைத் துடைத்துக் காயவைத்து, ரப்பர் விளிம்பில் மின்கடத்தாத சிலிக்கன் கிறீஸை மெல்லிதாகப் பூசுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் கப்பையே மாற்றுங்கள்.
3. முன் மட்காட்டின் கீழ் நுனியில் ரப்பர்த் தகட்டைச் சேர்த்து நீட்டுங்கள். ரயரில் தேயாத அளவு இடைவெளி விட வேண்டும்.
4. எஞ்சின் ஓட, ஹோஸ் தண்ணீரை முன் சக்கரத்தின் பக்கமிருந்து சில நிமிடம் அடியுங்கள். சத்தம் மாறாவிட்டால் சரி.

ஒரு ரப்பர் முத்திரையும் நீண்ட மட்காட்டும் தொழிற்சாலையில் எவ்வளவு செலவாகும்? புது வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடிப்பகுதி

எஸ்வி650இன் ஒயில் பில்டர் முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் திறந்து கிடக்கிறது. ஏ9இல் பரவாயில்லை, குளக்கட்டுக் கிரவலில் கல்லுக்கு அதுவே இலக்கு. 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் காப்பு அடிக்கலாம், ஆனால் காற்று போகத் துளையும், ஒயில் வடிக்க வழியும், பில்டருக்கு விரல் அகல இடைவெளியும் வேண்டும்.

இருவரும் ஒரு உரப்பையும் ஏறியபின் அளப்பதுதான் தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதிக்கு உள்ள உண்மையான உயரம். காகிதத்தில் எஸ்வி650க்கு 135 மி.மீ., சீற் 785. அதே எஞ்சினுடைய வி-ஸ்ட்ரோம் 650க்கு 170, ஆனால் சீற் 835. கிடங்குக்கு 170 வேண்டும், கால் ஊன்ற 800க்குள் சீற் வேண்டும். ஒடுங்கிய வி-ட்வின்னில் இரண்டையும் சேர்த்துக் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

பின் சக்கரத்தைச் சுழற்ற பெல்ற் வேண்டாம், கிரவல் கல் பெல்றுக்கும் புல்லிக்கும் இடையில் சிக்கினால் பல் கிழியும், வழியில் ஒட்டவும் முடியாது. செயின் என்றால் மண்ணெண்ணெயில் கழுவலாம், பெற்றோல் செயினின் ஓ-றிங் ரப்பரைக் கெடுக்கும். ட்ராக்ஸ்டார் 400இல் உள்ளதுபோல் செயினுக்குப் பதில் ஷாப்ற் (சுழல்தண்டு) இருந்தால் புழுதிக் கவலையே இல்லை, எடைதான் கூடும்.

ரயர் அளவையும் பாருங்கள். எஸ்வி650இன் பின் ரயர் 160/60-17 தேய்ந்தால் கிளிநொச்சியில் கிடைக்குமா என்று வாங்குமுன் விசாரியுங்கள். பின் ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கையில் சக்கரம் இறுகாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்கும் சுவிட்ச் வேண்டும், கிரவலில் ஏபிஎஸ் வண்டி நிற்கும் தூரத்தை நீட்டும். கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும் இரவு வீதிக்கு நல்ல லைற் கட்டாயம்.

பெற்றோலுக்குக் கணக்கு இதுதான்: லீற்றருக்கு 22 கி.மீ. என்று வைத்தால் எஸ்வி650இன் 14.5 லீற்றர் தாங்கியில் சுமார் 320. றிசேர்வுக்கு 3 லீற்றர் கழித்தால் 250 சொச்சம். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கொடுத்தார்கள். இந்த எஞ்சினுக்கு அது 88 கி.மீ., கிளிநொச்சியிலிருந்து வவுனியா போய்த் திரும்பப் போதாது. சிறிய 250க்கு இன்னும் இடம் இருப்பது இதனால்தான்.

சார்ஜிங், உதிரிப்பாகம்

எஞ்சின் நிற்கையில் பற்றரி 12.6 வோல்ற், 5,000 சுற்றில் 14 அளவில் இருக்க வேண்டும். 13க்குக் கீழ் அல்லது 15க்கு மேல் என்றால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரைச் சந்தேகியுங்கள். சூட்டில் சாகும் பாகம் அது. அதைக் காற்றுப்படும் இடத்தில் பொருத்தி வர வேண்டும்.

முற்பணம் கொடுக்குமுன் ஐந்து பாகத்தை எழுதிக் கொடுத்து, விலையும் வந்துசேரும் நாளும் எழுத்தில் கேளுங்கள்: கிளச் தட்டுகள், ரெகுலேற்றர், முன் பிளக் கப், முன் போர்க் ஒயில் சீல், தண்ணீர்ப் பம்ப் சீல். பதில் வாய்ப்பேச்சாக மட்டும் வந்தால் வேறு வண்டி பார்ப்பது நல்லது.